கடுதாசியும் அடுப்பும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதிலே, பேருந்துக்காகக் காத்து நின்ற வேளையில், தரிப்பிடத்தின் அருகேயிருந்த தட்டிக்கடையில் இரண்டு உழுந்து வடை வாங்கினேன். கடைக்காரர் அவற்றை ஒரு கொப்பித் தாளிலே சுற்றித் தந்தார். வடையைத் தின்று முடித்தபின் தாளை விரித்துப் பார்ப்பது நம்மவரிற் பலருக்கும் உள்ள பழக்கம். நானும் பார்த்தேன். கையெழுத்து என் மாணவன் ஒருவனுடையது. சங்கிலி மன்னனைப் பற்றிய வினாவுக்கு அவன் எழுதிய விடை அது. ஓரத்திலே, சிவப்பு மையில், ‘முயற்சி போதாது’ என்று நானே எழுதியிருந்தேன். தாளில் எண்ணெய் ஊறியிருந்தமையால் என்னுடைய கண்டிப்பு மறுபக்கத்திலும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாடசாலை என்பது அறிவை வளர்க்கும் இடம் என்று பரிசளிப்பு விழாக்களிலே பேசுகின்றோம். அது கழிவுக் கடுதாசியை மலைபோலக் குவிக்கும் இடமும் ஆகும் என்பதை எவரும் பேசுவதில்லை. அக்கடுதாசியைக் கொண்டு அடுப்பெரிப்பது எவ்வாறு, எரிப்பது தகுமா என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் கலைப்பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்றவன். எரிபொருளைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். அந்தத் தகுதியை எனக்குத் தந்தது 2022 ஆம் ஆண்டு. சமையல் வாயுக் கொள்கலன்களை வீதியோரத்தில் வரிசையாக அடுக்கி, மக்கள் இரவு பகலாகக் காத்து நின்ற ஆண்டு அது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. வன்னியிலிருந்து விறகு ஏற்றிவந்த பாரவண்டிகளுக்கு டீசல் இல்லை. விறகு இருந்தது, அது வந்து சேர வழி இல்லை.

எங்கள் பாடசாலையிலே பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அம்மையார் ஒருவர் இருக்கின்றார். என்னிலும் வயதில் மூத்தவராதலால் அக்கா என்றே அழைப்பேன். ஒருநாட் காலை அவர் அலுவலக வாசலில் வந்து நின்று, “சேர், நாளைக்கு அரிசி கிடக்கு, பருப்புக் கிடக்கு, எரிக்க ஒண்டும் இல்லை” என்றார். வீட்டிலே காலை உணவு இல்லாமல் வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுவோரைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு அது தெரியாமற் போகாது. அன்று மாலை ஆசிரியர்களும் பெற்றோரும் தத்தம் வளவுகளிலிருந்து பாளை, கொக்கறை, மூரிமட்டை, ஊமல் எனப் பனை தந்த யாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தனர். ஆயினும் இது எத்தனை நாளுக்கு? அப்பொழுதுதான், களஞ்சிய அறையில் கூரையைத் தொடுமளவுக்குக் கிடந்த பழைய கடுதாசிக் கட்டுகளின்மீது என் கண் சென்றது.

எம் தலைமுறையினர்க்கு இத்தகைய தட்டுப்பாடு புதியதன்று. 1990 களிலே வட பகுதிக்கு மண்ணெண்ணெயும் வேறு பல பண்டங்களும் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் எரியும் விளக்கொளியிலேதான் நாங்கள் பல்கலைக்கழகப் பாடங்களைப் படித்தோம். ஆனால் அக்காலத்திலே கழிவுக் கடுதாசி என்றொன்று இருக்கவில்லை. நாளிதழ்களே அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வெளிவந்தன. ஒரு தாளின் இருபுறமும் எழுதி, ஓரத்திலும் எழுதி, அதன்பின் அதிலே சரை சுற்றிச் சீனி கொடுத்தார்கள். 2022 இலும் கடுதாசிப் பஞ்சம் வராமலில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், அச்சிடக் கடுதாசி இல்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். புதிய தாளுக்கு வழியில்லாத அந்நாளிலே பழைய தாள் களஞ்சியத்திற் குவிந்து கிடந்ததை நினைக்கும்போது சற்றே வெட்கமாகவும் இருந்தது.

கடுதாசியை அப்படியே அடுப்பில் இட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதையே முதலில் நாங்களும் செய்தோம். ஒரு கட்டைத் தூக்கி அடுப்பிலே வைத்தால் ஓரங்கள் கருகும். நடுப்பகுதி காற்றுப் புகாமல் அப்படியே கிடக்கும். தனித்தனித் தாளாகக் கசக்கி இட்டால் குபீரென்று எரிந்து, உலைநீர் சூடாகுமுன்னரே பறக்கும் சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பல் கறிச்சட்டியிலும் விழும். எனவே, ஒரேயடியாக எரிந்து முடியாமலும், எரியாமற் கிடக்காமலும் இருக்கக்கூடிய ஒரு வடிவத்தைக் கடுதாசிக்குக் கொடுக்கவேண்டும். அந்த வடிவந்தான் எரிகட்டி.

கடுதாசி எரியும் பொருள் என்பதில் ஐயமில்லை. நன்கு காய்ந்த கடுதாசி ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 15 மெகாயூல் வெப்பத்தைத் தரும். காய்ந்த விறகும் ஏறக்குறைய அவ்வளவே தருகின்றது. மண்ணெண்ணெய் ஒரு கிலோகிராம் 43 மெகாயூல் அளவு தரும். ஆதலால் கடுதாசியை எண்ணெயோடு ஒப்பிடுதல் கூடாது. விறகோடு ஒப்பிடுதலே முறை. நம்முடைய மூன்று கல் அடுப்பிலே எரியும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ அதனிற் சிறிது கூடவோதான் பானையைச் சேருகின்றது. எஞ்சியது சுவருக்கும் கூரைக்கும் சமையல் செய்பவரின் முகத்துக்கும் போகின்றது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், ஒரு கிலோகிராம் கடுதாசியைக் கொண்டு ஐந்து லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கலாம். சாதாரண ஏ-4 தாள்கள் 200 சேர்ந்தால் ஒரு கிலோகிராம் ஆகும். ஆகவே 40 தாள் கொடுத்தால் ஒரு கேத்தில் தேநீர். இதனை எங்கள் ஆசிரியர் அறையிலே நான் சொன்னபோது, இனிப் பாடக்குறிப்பு எழுதாதிருக்க நல்லதொரு காரணம் கிடைத்தது என்றார் ஒருவர்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் தெரிவு. செய்தித்தாள், கொப்பித் தாள், அலுவலகத் தாள், முட்டைத் தட்டு, பழுப்பு நிறக் கடின அட்டைப் பெட்டி ஆகியவை ஏற்றவை. முட்டைத் தட்டு என்பது பிறர் நமக்காக முன்னரே அரைத்து வைத்த கடுதாசிக் கூழன்றி வேறில்லை. பளபளப்பான சஞ்சிகைத் தாள்களை ஒதுக்கிவிடுங்கள். அத்தாளின் வழுவழுப்பு வெண்களியும் சுண்ணத்தூளும் பூசியதனால் வந்தது. களிமண் எரியாது, சாம்பலாக அடுப்பை அடைக்கும். பொலித்தீன் பூசிய பால் பெட்டிகள், கடைகளிலே வெப்ப அச்சில் அடித்துத் தரும் வழுக்கலான பற்றுச்சீட்டுகள், காபன் தாள், நிறமும் மினுக்கமும் பூசிய பரிசுப்பொதித் தாள் என்பவற்றை எக்காரணத்தைக் கொண்டும் சேர்த்தல் ஆகாது. இவற்றின் புகையிலே உள்ள நஞ்சு, சமைப்பவருடைய நெஞ்சிலேதான் போய்த் தங்கும். கொப்பிகளின் கம்பிகளையும் கழற்றிவிடவேண்டும். இல்லையேல் கூழைப் பிசையும்போது விரலைக் கிழிக்கும். எங்கள் மாணவன் ஒருவனுக்குக் கிழித்தது.

தெரிந்தெடுத்த தாள்களை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, பீப்பாயிலோ பெரிய வாளியிலோ இட்டு, மூழ்கும்படி நீர் விட்டு ஊறவிடுங்கள். செய்தித்தாள் இரண்டு நாளிலே இளகிவிடும். கொப்பித் தாளுக்கு நான்கைந்து நாள் வேண்டும். அட்டைக்கு ஒரு வாரம். பீப்பாயை வெயிலிலே வைத்தால் விரைவில் ஊறும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமற் போவது நேர்மையன்று. முதன்முறை நாங்கள் இரண்டு பீப்பாய்களில் ஊறவைத்தோம். இடையிலே நீண்ட விடுமுறை வந்தது. மூடி போடவேண்டும் என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. விடுமுறை முடிந்து பாடசாலைக்குச் சென்ற முதல்நாளே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பீப்பாயினுள்ளே டெங்கு நுளம்பின் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. 2017 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானார்கள் என்பதை, ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்பவன் நான். அன்று பரிசோதகரின் முன்னிலையில் நான் நின்ற நிலையை விவரிக்கவேண்டியதில்லை. முட்டை நுளம்பாவதற்குப் பத்து நாட்கள்கூடத் தேவையில்லை. எனவே பீப்பாயை இறுக மூடுங்கள். அல்லது நுளம்பு புகாத துணியால் வாயைக் கட்டுங்கள். ஊறவைத்துவிட்டு வெளியூர் செல்லாதீர்கள்.

ஊறிய தாளை அடித்துக் கூழாக்கவேண்டும். உரலிலே இட்டு உலக்கையால் இடிப்பது மிகச் சுலபம். ஆனால் மாவிடிக்கும் உரலை இதற்குத் தர எந்த வீட்டிலும் மனம் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் கூடாது. நாங்கள் பீப்பாயின் உள்ளேயே ஒரு பருத்த தடியால் இடித்தோம். ஒடியற் கூழ் காய்ச்சுகின்ற பதம் உங்களுக்குத் தெரியுமல்லவா? அந்தப் பதம் வரவேண்டும். கையிலே எடுத்துப் பிழிந்தால் எழுத்துள்ள துண்டு ஒன்றும் தெரியக்கூடாது.

இந்தக் கூழுக்குப் பசை எதுவும் சேர்க்கவேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். வேண்டியதில்லை. மரத்தின் நார்தான் கடுதாசி. நீர் புகும்போது நார்கள் ஒன்றிலிருந்து ஒன்று விடுபடும். நீர் வெளியேறிக் காயும்போது அவை மீண்டும் ஒன்றையொன்று நெருங்கிப் பற்றிக்கொள்ளும். இதனை ஐதரசன் பிணைப்பு என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை விளக்கினார். வரலாறு படித்த எனக்கு நினைவில் வந்தவர் சாய் லூன். கி.பி. 105 ஆம் ஆண்டளவில், சீன அரசவையிலே பணியாற்றிய அவர், மரப்பட்டையையும் கந்தைத் துணியையும் பழைய மீன்வலையையும் ஊறவைத்து இடித்துக் கடுதாசி செய்தார் என்பர். நம்முடைய வாழைச்சேனையிலே வைக்கோலிலிருந்து கடுதாசி செய்ததும் இதே நெறியில்தான். ஊறவைத்தலும் இடித்தலும் ஒன்றே. அவர்கள் அந்தக் கூழை மெல்லியதாகப் பரப்பினார்கள், நாங்கள் தடிப்பாக அமுக்குகின்றோம். வேறுபாடு அவ்வளவுதான்.

நார்கள் தாமே பற்றிக்கொள்வதால், கடுதாசிக் கூழ் பிற பொருள்களையும் சேர்த்துக் கட்டவல்லது. இதுதான் இம்முறையின் பெரும்பயன் என்பது என்னுடைய கருத்து. மரக்காலையிலே கொட்டிக் கிடக்கும் மரத்தூள், கயிறு திரிக்கும் இடத்துத் தும்புத்தூள், சிரட்டைக்கரி உடைந்த பொடி, நொறுங்கிய சருகு ஆகிய இவை தனியே அடுப்புக்கு உதவா. கூழோடு பாதிக்குப் பாதி கலந்தால் நல்ல கட்டிகளாகும். உமியும் கலக்கலாம், ஆனால் உமி எரிந்தபின் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். ஆதலால் அளவோடு கலத்தல் நன்று.

அடுத்தது அச்சு. கடைகளிலே இதற்கென்று இரும்பு அச்சுகள் விற்கின்றனவாம். அவற்றை வாங்கவேண்டியதில்லை. பெரிய பால்மாப் பேணி ஒன்றின் இரு பக்க மூடியையும் வெட்டி நீக்கி, சுற்றிலும் ஆணியால் துளைகள் இடுங்கள். வெட்டிய விளிம்பைத் தட்டி மடித்துவிடுதல் அவசியம். ஒரு பலகைமேல் பேணியை நிறுத்தி, நடுவிலே தும்புத்தடிப் பிடியளவு பருமனான ஒரு தடியை நட்டு, சுற்றிவரக் கூழை நிரப்பவேண்டும். பேணிக்குள் புகக்கூடிய வட்டப் பலகையொன்றில் தடி செல்லத் துளையிட்டு, அதனை மேலே வைத்து அமுக்கினால், துளைகளின் வழியே நீர் பீறிட்டு வெளியேறும். கையால் அமுக்குவது போதாது. இடியப்ப உரலை நெரிப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். எங்கள் மாணவர்கள் வேலியோரத்துப் பூவரசின் அடியிலே நீண்ட உலக்கையின் ஒரு முனையைச் செருகி, நடுவழியிலே அச்சை வைத்து, மறுமுனையிலே ஒருவன் ஏறி அமரும்படி செய்தார்கள். நெம்புகோல்! 40 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை, அடிமரத்திலிருந்து அச்சு நிற்கும் தூரத்தைப்போல் ஐந்து மடங்கு தூரத்தில் அமர்ந்தால், அச்சின்மேல் 200 கிலோகிராம் பாரம் விழும். பாடப்புத்தகத்திலே ஒரு தவணை முழுவதும் அவனுக்கு விளங்காதிருந்தது அன்று அரை மணியிலே விளங்கிற்று.

நடுவில் துளை எதற்கு? உழுந்து வடைக்கு நடுவிலே துளை எதற்கோ, அதற்கேதான். துளையில்லாத தடித்த வடை வெளியே கருகும், உள்ளே மாவாக இருக்கும். கட்டியின் நடுவே காற்றுச் சென்றால்தான் உட்புறமும் எரியும்; காயும்போதும் உட்புறம் விரைவில் உலரும். பிள்ளைகள் இதற்குக் ‘கடுதாசி வடை’ என்று பெயரிட்டார்கள். நான் ‘எரிகட்டி’ என்று கரும்பலகையில் எழுதி வைத்தேன். என் சொல்லை எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அச்சும் நெம்புகோலும் இல்லாத வீட்டிலே என்ன செய்வது? நம் பாட்டிமார் எருவறட்டி தட்டியது போலத் தட்டிச் சுவரிலோ கல்லிலோ ஒட்டிவிடுங்கள். வடிவம் செம்மையாக இராது. ஆனால் மெல்லியதாக இருப்பதால் விரைவில் காயும்.

காய்தல் என்பதிலேதான் இந்த வேலையின் வெற்றியும் தோல்வியும் தங்கியிருக்கின்றன. அச்சிலிருந்து வெளிவரும்போது அரைக் கிலோகிராம் இருக்கும் கட்டி, காய்ந்தபின் 150 கிராம் அளவுக்கு வந்துவிடும். எஞ்சியது முழுவதும் நீர். பங்குனி முதல் புரட்டாதி வரை யாழ்ப்பாணத்து வெயிலிலே இரண்டு வாரத்தில் காயும். நாங்களோ, அவசரப்பட்டு, ஐப்பசியிலே இரண்டாவது தொகுதியைச் செய்தோம். மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்து விறாந்தையிலே அடுக்கி வைத்த கட்டிகளெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்து, நாற்றமெடுத்தன. தப்பியவற்றை, மேற்புறம் காய்ந்துவிட்டதை நம்பி, அடுப்புக்குக் கொடுத்தேன். அன்று சமையலறையிலே எழுந்த புகை பத்தாம் வகுப்புக் கட்டடம் வரை சென்றது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “சேர், உந்தக் கல்லு அடுப்பிலை நித்திரை கொள்ளுது, சோறு காத்துக்கொண்டு நிக்குது” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கண்கள் சிவந்திருந்தன, நெடுநேரம் இருமினார். வீட்டு அடுப்புப் புகையால் உண்டாகும் நோய்களால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. பிள்ளைகளின் பசியைத் தீர்க்கின்றேன் என்று எண்ணி ஒரு மூதாட்டியின் நெஞ்சை நான் புகையால் நிரப்பினேன். அன்றைக்குப் பின்னர் இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, கட்டியை நாள்தோறும் தராசில் நிறுக்கவேண்டும். மூன்று நாள் தொடர்ந்து நிறை குறையாதிருந்தால்தான் காய்ந்தது என்று கொள்ளவேண்டும். பார்வையை நம்பக்கூடாது. தட்டினால் கலகலவென்று ஒலிக்கும் என்பார்கள். அதனையும் நான் அரைமனத்தோடுதான் நம்புகின்றேன். இரண்டாவது, புகைபோக்கியில்லாத அறையிலே இக்கட்டிகளை எரிக்கக்கூடாது. பழைய மாணவர்கள் சிலர் பணம் சேர்த்துச் சமையலறைக்கு ஒரு புகைபோக்கி கட்டித் தந்தார்கள். அந்தப் புகைபோக்கி கடுதாசிக் கட்டிகளிலும் அதிக நன்மை செய்தது என்று ஒப்புக்கொள்வதிலே எனக்குக் கூச்சமில்லை.

நன்கு காய்ந்த கட்டிகளை எவ்வாறு எரிப்பது என்பதை நாங்கள் அக்காவுக்குக் கற்பிக்கவில்லை. அவரே எங்களுக்குக் கற்பித்தார். கட்டியைக் கொண்டு அடுப்பு மூட்டக்கூடாது. பாளையாலும் கொக்கறையாலும் மூட்டி, உலை கொதித்தபின், விறகை வெளியே இழுத்துவிட்டு, இரண்டு மூன்று கட்டிகளை உள்ளே வைக்கவேண்டும். அவை பெருஞ்சுவாலை விடமாட்டா. நின்று நிதானமாகத் தணலும். சோறு அடங்குவதற்கும், கடலை பயறு வேவதற்கும் அந்தத் தணல் போதும். எரிந்த பின்னரும் சாம்பல் கட்டியின் வடிவத்திலேயே நிற்கும். குச்சியால் தட்டி உதிர்த்துவிடாவிட்டால் காற்று அடைபடும். முன்னர் முழுச் சமையலுக்கும் எரித்த விறகிலே ஒரு பகுதி இவ்வாறு மிஞ்சியது. எவ்வளவு என்று கேட்டேன். “அதெப்பிடிச் சேர் சொல்லுறது? முந்தி வெள்ளிக்கிழமை முடியிற விறகு இப்ப திங்கட்கிழமையும் கிடக்கு” என்றார். இதனிலும் துல்லியமான கணக்கு என்னிடம் இல்லை.

ஆகவே உங்களிடம் மிகைப்படுத்திக் கூற நான் விரும்பவில்லை. ஒரு வீட்டிலே நாளொன்றுக்கு 100 கிராம் கழிவுக் கடுதாசி சேரும் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு மூன்று கிலோகிராம்தான் ஆகும், 20 கட்டிகள். விறகு மட்டுமே எரிக்கும் குடும்பத்துக்கு அது ஓரிரு நாளுக்கும் போதாது. கடுதாசி வாங்குபவர் உங்கள் ஊருக்கு வருவாராயின், சுத்தமான தாளை அவருக்கே கொடுங்கள். ஒரு நாரை ஐந்தாறு முறை மீண்டும் மீண்டும் கடுதாசியாக்கலாம். எரித்தாலோ ஒருமுறையோடு முடிந்தது. எண்ணெய் பட்டது, கிழிந்து நொறுங்கியது, நனைந்து பழுதானது ஆகிய இவற்றையே அடுப்புக்கு அனுப்புவது முறை. வடை சுற்றிய தாள் மிக நன்றாக எரியும். எலியும் எறும்பும் தேடி வருமுன் அதனைக் கூழாக்கிவிடவேண்டும். காய்ந்த கட்டிகளை நிலத்திலே அடுக்காமல் பரணிலோ வாங்கிலோ வைத்தல் வேண்டும். கறையானுக்குக் கடுதாசி எவ்வளவு பிரியமானது என்பது நூலகம் வைத்திருப்போர்க்குத் தெரியும்.

நூலகம் என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டியவனாகின்றேன். நாங்கள் முதன்முதல் பீப்பாயிலே தாளை இட்ட நாளன்று, எனக்குச் சிறுவயதிலே தமிழ் கற்பித்த, இன்று எண்பது வயதைக் கடந்த ஆசிரியர் தற்செயலாகப் பாடசாலைக்கு வந்தார். மாணவர்கள் எழுத்துள்ள தாள்களைக் காலால் மிதித்து நீருக்குள் அமிழ்த்துவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கடுதாசியிலே கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியவர் அவர். “தம்பி, எங்கட ஊரிலை புத்தகம் எரிஞ்சதை நீ மறந்திட்டியோ?” என்று மட்டும் கேட்டார். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நான் சிறுவன். அவர் மறுநாள் சென்று அந்தச் சாம்பலைப் பார்த்தவர்.

புத்தகங்களை அல்ல, கழிவுத் தாள்களைத்தான் ஊறவைக்கின்றோம் என்று சமாதானம் கூறினேன். கழிவு எது என்று தீர்மானித்தவர் யார் என்று அவர் கேட்டார். எனக்கு உடனே உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்கு அவர் சென்றபோது, கோயிலிலிருந்த பழைய ஏடுகளெல்லாம் முன்னரே நெருப்பிலே இடப்பட்டுவிட்டன என்ற செய்தியைக் கேட்டு வருந்தியதைத் தம் வரலாற்றிலே எழுதியிருக்கின்றார். அந்த ஏடுகளை எரித்தவர்கள் தீயோர் அல்லர். செய்ய வேண்டியதைச் செய்கின்றோம் என்றே எண்ணிச் செய்தார்கள்.

அரசாங்கப் பாடசாலையிலே ஆவணங்களை அழிப்பதற்கு விதிமுறைகள் உண்டு. அவற்றின்படி ஒதுக்கப்பட்ட கட்டுகளையே நான் எடுத்திருந்தேன். ஆயினும் களஞ்சியத்தைத் தாம் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. மூன்று நாள் அங்கேயே நிலத்தில் இருந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பிற்பகலிலே, பழைய வரவு இடாப்புகளுக்கு நடுவே, கறையான் ஒரு மூலையை அரித்திருந்த சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையிலே வைத்தார். 1960 களில் இப்பாடசாலையை நடத்திய தலைமையாசிரியர் தம் கையாலே எழுதியது. ஒதுக்கும் பட்டியலிலே அது எப்படிச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பட்டியலின் கீழே இருப்பது என்னுடைய கையொப்பம்.

ஆசிரியர் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். 1965 சனவரி மாதத்துக் குறிப்பு. 1964 டிசம்பரிலே வீசிய பெரும்புயலில் பாடசாலை வளவிலே நின்ற வேப்பமரம் விழுந்ததாகவும், அதனை விறகாக ஏலத்தில் விற்றதாகவும், கிடைத்த பணத்துக்குப் பிள்ளைகளுக்கு வாசிப்பு நூல்கள் வாங்கியதாகவும் எழுதப்பட்டிருந்தது. ஏலத் தொகையும் நூல்களின் பட்டியலும் கீழே இருந்தன. நான் அதனை இருமுறை வாசித்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் இப்பொழுது அலுவலக அலுமாரியிலே இருக்கின்றது. சமையல் வாயு மீண்டும் கிடைக்கத் தொடங்கியபின்னரும் எரிகட்டி செய்வதை நாங்கள் விட்டுவிடவில்லை. பருவம் பார்த்து, மாசியிலே தொடங்கி ஆவணியோடு நிறுத்திக்கொள்கின்றோம். வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியர் வருவார். பீப்பாய்க்குப் போகவேண்டிய தாள்கள் அவர் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா அவருக்கு வெறுந்தேநீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைப்பார். சென்ற வெள்ளிக்கிழமை அவர் எடுத்து ஒதுக்கியவை இரண்டு: ஒன்று, பழைய விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரல், மற்றையது, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மழையைப் பற்றி எழுதிய கட்டுரை. கட்டுரைக்கு நான் ஏற்கெனவே புள்ளியிட்டிருந்தேன். அவர் அதனைத் திரும்பவும் வாசித்துவிட்டு, இரண்டு புள்ளி கூட்டிப் போடும்படி சொன்னார்.